கம்பத்தடிக்கு வந்த வரைபடம்

மாரிகாலத்து இரவொன்றை நேயர்கள் நினைத்துப் பாருங்கள். காற்று ஊளையிடுகின்றது. தென்னைகள் தலைவிரித்து ஆடுகின்றன. எங்கோ ஒரு கொப்பு முறிந்து விழும் ஓசை கேட்கின்றது. மறு கணம் வீடு முழுவதும் இருள் சூழ்ந்து விடுகின்றது. மெழுகுதிரியைத் தேடும்போதே, "எப்போது கரண்ட் வரும்?" என்ற கேள்வி எல்லோர் வாயிலும் எழுகின்றது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும், குழந்தைக்குப் பால் காய்ச்சும் தாய்க்கும், நோயாளியின் அருகில் இருப்பவருக்கும் அந்தக் கேள்வி ஒன்றேதான்.

அதே இரவில், அதே மழையில், ஒழுங்கை முனையிலுள்ள மின்கம்பத்தின் அடியில் ஒரு மனிதர் நிற்கின்றார். அவர் மனத்திலுள்ள கேள்வி வேறு. "இந்தக் கம்பியில் உயிர் இருக்கின்றதா, இல்லையா?" என்பதே அது. நம்முடைய கேள்விக்கு விடை பிந்தினால் நமக்குச் சிறிது சிரமம் உண்டாகும். அவருடைய கேள்விக்கு விடை பிழைத்தால் ஒரு குடும்பம் தன் தலைவனை இழந்துவிடும்.

அந்தக் கேள்விக்கு உதவக்கூடிய வரைபடம் நெடுங்காலம் கந்தோர் அலுமாரிகளிலேயே கிடந்தது. அங்கிருந்து அது கம்பத்தடிக்கு வந்து சேர்ந்த கதையைத்தான் இங்கே சொல்லப் போகின்றோம்.

குடையோடு வந்த முதியவர்

நான் சிறுவனாயிருந்தபோது யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றிலே கண்ட காட்சி இன்னும் என் கண்ணைவிட்டு அகலவில்லை. கார்த்திகை மாதத்துக் காற்றில் எங்கள் ஒழுங்கை முகப்பிலிருந்த வேப்பமரத்தின் பெருங்கொப்பு ஒன்று முறிந்து கம்பிகளின்மேல் சாய்ந்து கிடந்தது. ஒழுங்கையிற் பாதி வீடுகளுக்கு வெளிச்சம் இல்லை. மறுநாட் காலையில் இருவர் வந்தனர். அவர்களுள் ஒருவர் வேலைக்குப் புதிதாய்ச் சேர்ந்த இளைஞர். நாலாக மடித்த படமொன்று அவர் கையில் இருந்தது. அதை விரித்துப் பார்த்தார். சந்தையடிக்குச் சென்று அங்கிருந்த ஆளியை இழுத்து மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத் திரும்பி வந்து, ஏணியைக் கம்பத்திற் சாய்த்தார்.

அவ்வேளையில் குடையொன்றைப் பிடித்துக்கொண்டு ஒரு முதியவர் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார். பல்லாண்டுகளாக எங்கள் பகுதியிலே கம்பமேறி, அவ்வருடந்தான் இளைப்பாறியவர் அவர்.

"தம்பி, ஏறாதை! இந்த லைனுக்கு இப்ப சந்தையடியாலை கரண்ட் வாறேல்லை. ஆலடியாலைதான் வருது" என்றார், மூச்சு வாங்க.

"என்னட்டை இருக்கிற படத்திலை அப்பிடி இல்லையே, ஐயா?"

"படத்திலை இராது, தம்பி. நான் பென்சன் எடுக்க முந்தின மாசம்தான் மாத்தித் தொடுத்தது. அது என்ரை தலையிலைதான் இருக்கு."

இளைஞர் ஒன்றும் பேசாமல் வானிலிருந்து நீண்ட சோதனைக் கோலை எடுத்து உயர்த்திக் கம்பியருகே பிடித்தார். கோலின் நுனியில் செவ்வொளி பளிச்சிட்டது. சிறிது நேரம் எவரும் வாய் திறக்கவில்லை. பின்னர் மூவருமாக ஆலடியை நோக்கி நடந்தனர்.

சோதிக்காமற் கம்பியைத் தொடலாகாது என்பது அத்தொழிலின் முதல் விதி. அந்த இளைஞர் ஏறிய பின்னர் எப்படியும் சோதித்திருப்பார் என்றே நம்புகின்றேன். ஆயினும் மழையும் அவசரமும் களைப்பும் மனிதனை விதிகளை மறக்கச் செய்வதுண்டு. அன்று அந்த முதியவர் கோயிலுக்கோ, மகள் வீட்டுக்கோ போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஊர்தோறும் கம்பந்தோறும் குடையோடு ஓடிவர ஒருவர் கிடைப்பாரா?

மடைமாற்றும் மின்சாரம்

மின்சாரம் நம் வீட்டுக்கு வரும் வழியைச் சிறிது அறிந்துகொண்டால், அந்தப் படம் ஏன் பிழைத்தது என்பது விளங்கும். இலங்கையிலே மின்னிலையங்களிற் பிறக்கும் மின்சாரம் 2,20,000 அல்லது 1,32,000 வோல்ற் அழுத்தத்தில் நெடுந்தூரம் பிரயாணம் செய்கின்றது. பின்னர் உபநிலையங்களில் 33,000 அல்லது 11,000 வோல்ற்றாகக் குறைக்கப்பட்டு ஊர்களுக்குள் வருகின்றது. வீதியோரங்களில் நாம் காணும் மின்மாற்றி, அதாவது ட்ரான்ஸ்போமர், அதனை மேலும் குறைத்து, வீட்டு விளக்குக்கு ஏற்ற 230 வோல்ற்றாக நமக்குத் தருகின்றது.

இவ்வழி ஒரே நேர்கோடு அன்று. தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுபவர் வாய்க்காலில் ஒரு மடையை மூடி மற்றொன்றைத் திறந்துவிடுவதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். மின்கம்பிகளுக்கும் அத்தகைய மடைகள் உண்டு. அவைதாம் ஆளிகள். சந்தையடிப் பக்கத்தில் பழுது ஏற்பட்டால் ஆலடிப் பக்கத்து ஆளியைப் பூட்டி, அதே வீடுகளுக்கு வேறு வழியால் மின்சாரம் கொடுக்கலாம். இவ்வசதி இருப்பதனாலேயே பல வேளைகளில் நமக்கு விரைவில் வெளிச்சம் கிடைக்கின்றது. ஆனால் ஆபத்தும் அதிலேயே இருக்கின்றது. வாய்க்காலில் நீர் எப்பக்கத்தால் வருகின்றது என்பது கண்ணுக்குத் தெரியும். கம்பியில் மின்சாரம் எப்பக்கத்தால் வருகின்றது என்பதைக் கண்ணாற் காண முடியாது.

இன்னோர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். மின்சாரம் நின்றவுடன் சிலர் வீட்டிலுள்ள மின்பிறப்பாக்கியை இயக்கி, அதன் வயரை வீட்டு இணைப்பிலேயே மாட்டிவிடுகின்றனர். வீதிக்கம்பியிலிருந்து வீட்டைப் பிரித்துவிடும் மாற்றாளி இல்லாவிட்டால், அந்த 230 வோல்ற் மின்சாரம் வீட்டோடு நின்றுவிடாது. வீதிக்குத் திரும்பி மின்மாற்றியைச் சென்றடையும். கீழ்நோக்கி அழுத்தத்தைக் குறைக்கும் அதே மின்மாற்றி, பின்புறமாக வரும் மின்சாரத்தை 11,000 வோல்ற்றாக உயர்த்திவிடவும் கூடும். ஊரே இருண்டு கிடக்கின்றதென்று எண்ணி வேலை செய்பவருக்கு அது யமனாக முடியும். இதனாலேயே கம்பியைத் துண்டித்துச் சோதித்தபின்னும் அதனை நிலத்தோடு தொடுத்துவிட்டே வேலையைத் தொடங்குவர்.

கந்தோரிலே தூங்கிய படங்கள்

முற்காலத்தில் மின்சார நிறுவனங்களின் வரைபடங்கள் பெரிய தாள்களிலும் துணியிலும் கையால் வரையப்பட்டன. ஒரு கம்பம் புதிதாக நடப்பட்டால், வேலை செய்தவர் தம் தாளிலே சிவப்பு மையாற் குறித்துக் கந்தோருக்கு அனுப்புவார். அங்கே வரைபவர் மூலப்படத்தைத் திருத்துவார். திருத்திய படத்துக்குப் பிரதிகள் எடுத்து மீண்டும் வான்களுக்கு அனுப்ப வேண்டும். இத்தனையும் ஒழுங்காக நடந்தாலும் வாரங்கள் செல்லும். ஒழுங்கு தவறினால் வருடங்களும் செல்லும். இடையிலே சிவப்பு மைத்தாள் தொலைந்துபோவதும் உண்டு. வானிலே கிடக்கும் பிரதியோ மழையில் நனைந்து, மடிப்பில் கிழிந்து, பழைய செய்தியையே சொல்லிக்கொண்டிருக்கும். ஒரு தாள் முடிந்து மறு தாள் தொடங்கும் எல்லையிலே கம்பி எங்கே போயிற்றென்று தேடுவதும் ஒரு வேலையாகிவிடும்.

ஆகவே அனுபவசாலிகள் படத்தை நம்பவில்லை. தம் தலையிலும் சட்டைப்பைக் குறிப்புப் புத்தகத்திலும் வேறோர் ஊர்ப்படத்தை வைத்துக்கொண்டனர். அது பெரும்பாலும் கந்தோர்ப் படத்திலும் சரியானதாகவே இருந்தது. ஆனால் அவர்கள் இளைப்பாறும்போது அந்தப் படமும் அவர்களோடு வீட்டுக்குப் போய்விட்டது. மின்சாரத் தொழிலிலே பல நாடுகளில் இன்று பேசப்படும் பெருங்குறைகளுள் இதுவும் ஒன்று.

படம் வம்சாவளியாயிற்று

1960ஆம் ஆண்டுகளில், இங்கிலாந்திற் பிறந்து கனடாவிலே பணியாற்றிய ரொஜர் ரொம்லின்சன் என்னும் புவியியலாளர் ஒரு புதுவழி கண்டார். பரந்த கனடா தேசத்தின் நில வளங்களைக் கணக்கெடுக்க எண்ணற்ற வரைபடங்களை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டியிருந்தது. அதனை மனிதர் கையாற் செய்வது பெருஞ் செலவும் காலமும் பிடிக்கும் காரியம். வரைபடத்தைக் கணினிக்குள் புகுத்திவிட்டால் என்ன என்று அவர் சிந்தித்தார். அச்சிந்தனையின் பயனாகவே புவியியல் தகவல் முறைமை என்று இன்று மாணவர்கள் கற்கும் துறை உருவெடுத்தது. பின்வந்த காலத்தில் மின்சார நிறுவனங்களும் தம் படங்களைக் கணினியில் ஏற்றலாயின.

கணினிப் படத்தின் மேன்மை, அது அழகாக இருப்பதில் இல்லை. தாளிலே கம்பமென்பது ஒரு புள்ளி. கம்பியென்பது ஒரு கோடு. கணினியிலோ ஒவ்வொரு கம்பத்துக்கும் ஒரு பதிவு உண்டு. அதன் இலக்கம், உயரம், நட்ட ஆண்டு, தாங்கும் கம்பிகள் யாவும் அதிலே அடங்கும். அதனினும் முக்கியமானது உறவுமுறை. இன்ன வீடு இன்ன மின்மாற்றியின் பிள்ளை. அம்மின்மாற்றி இன்ன கம்பியின் பிள்ளை. அக்கம்பி இன்ன உபநிலையத்தின் பிள்ளை என்று ஒரு வம்சாவளியே அங்கு எழுதப்பட்டிருக்கின்றது. ஒரு கம்பியைத் தொட்டு, "இதற்கு உயிர் கொடுப்பது யார்?" என்று கேட்டால், கணினி தலைமுறை தலைமுறையாக மேலே ஏறிச் சென்று விடை சொல்லும். "இந்த ஆளியை இழுத்தால் எந்த வீடுகள் இருளும்?" என்று கேட்டாற் கீழே இறங்கி வந்து சொல்லும். அந்த வீடுகளுள் ஓர் ஆசுபத்திரி இருந்தால் முன்னரே அறிந்து ஆயத்தம் செய்யலாம்.

இவ்வளவு அறிவுள்ள படம் கிடைத்த பின்னரும் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. கணினி கந்தோரிலே இருந்தது; வேலை வீதியிலே இருந்தது. ஆதலால் பல நிறுவனங்கள் கணினிப் படத்தைத் தாளிலே அச்சடித்துப் புத்தகமாகக் கட்டி வான்களுக்குக் கொடுத்தன. அச்சடித்த கணமே வம்சாவளி மறைந்தது. மீண்டும் புள்ளியும் கோடுமே எஞ்சின. அச்சடித்த மறுநாளே அதுவும் பழைய படமாயிற்று.

கையில் எடுத்துச் செல்வதென்றால்

படத்தை வேலையாளரின் கைக்குக் கொண்டுவருவதற்குப் பல தடைகளைத் தாண்ட வேண்டியிருந்தது. முதலாவது, "நான் நிற்பது எந்தக் கம்பத்தடியில்?" என்பதைக் கருவி அறிய வேண்டும். அமெரிக்க இராணுவம் அமைத்த ஜீ.பீ.எஸ். என்னும் செயற்கைக் கோள் முறையின் சமிக்ஞைகள் பொதுமக்களுக்குக் கிடைத்தபோது, அவற்றிலே வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டிருந்தது. அப்பிழை 100 மீற்றர் அளவுக்கும் வரக்கூடியது. 100 மீற்றருக்குள் எத்தனை கம்பங்கள்! 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அக்கலப்பு நிறுத்தப்பட்டது. இன்று திறந்த வானத்தின் கீழ் ஒரு சாதாரண கைத்தொலைபேசியே ஏறக்குறைய 5 மீற்றருக்குள் தன் இருப்பிடத்தை அறிந்துகொள்ளும். ஒரு கம்பத்தை அடுத்த கம்பத்திலிருந்து பிரித்தறிய அது போதும்.

இரண்டாவது, படம் எங்கே இருக்க வேண்டும் என்பது. தொலைபேசித் தொடர்பு வழியாகக் கந்தோர்க் கணினியிலிருந்து வேண்டும்போது பெற்றுக்கொள்ளலாமே என்று தோன்றும். சாதாரண நாட்களில் அது நன்றாகவே நடக்கும். ஆனால் படம் மிகவும் தேவைப்படும் நாள் புயல் நாளல்லவா? மின்சாரம் நின்றால், தொலைபேசிக் கோபுரத்தின் பற்றரியும் சில மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். ஆகவே வேலையாளர் தமக்குரிய பகுதியின் படத்தைக் காலையிலேயே கருவிக்குள் நிரப்பிக்கொண்டு புறப்பட வேண்டும். தொடர்பு கிடைக்கும்போது மட்டும் புதிய செய்திகளை அது பெற்றுக்கொள்ளும், தன்னிடமுள்ளவற்றையும் அனுப்பும். அன்றியும், "இப்படம் இன்ன நாள் இன்ன மணிக்கு உள்ளவாறு" என்று முகப்பிலே காட்ட வேண்டும். பழைய படத்தைப் பழைய படமென்று அறிந்தவன் எச்சரிக்கையாயிருப்பான். புதிய படமென்று எண்ணியவனே ஏமாறுவான்.

மூன்றாவது, எதைக் காட்டுவது என்பது. கந்தோரிலுள்ளவருக்குக் கம்பத்தின் விலையும் கொள்வனவுக் கணக்கும் வேண்டும். மழையிலே, தடித்த கையுறையோடு, கைவிளக்கின் ஒளியில் திரையைத் தொடுபவருக்கு அவை எதற்கு? எத்தனை வோல்ற்? எந்த ஆளி? அது பூட்டியிருக்கின்றதா, திறந்திருக்கின்றதா? எந்த வழியாற் போகலாம்? இவை போதும். எல்லாவற்றையும் காட்டும் படம் ஒன்றையும் காட்டாத படத்துக்குச் சமானம். வெயிலில் மங்காத திரையும், நனைந்தாலும் விழுந்தாலும் பழுதாகாத உடலும் கருவிக்கு அவசியம்.

இவற்றோடு பாதுகாப்பும் உண்டு. ஒரு நாட்டின் மின்வலைப் படம் தீயவர் கையிற் சிக்கலாகாது. வீட்டுக்காரரின் சொந்த விபரங்களும் கண்டவர் கையிற் போகலாகாது. ஆகவே அவரவர் வேலைக்குத் தேவையானதை மட்டும் அவரவருக்குத் திறந்துவிடுவதும், கருவி தொலைந்தால் தூரத்திலிருந்தே அதிலுள்ளதை அழித்துவிடுவதும் வழக்கமாகிவிட்டன.

அயலூரார் வந்தபோது

இம்முயற்சியின் அருமையை உணர அமெரிக்க நாட்டின் இரு புயல்களைப் பார்ப்போம். 2012ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி சாண்டி என்னும் புயல் நியூ ஜேர்சிக் கரையைத் தாக்கியது. 80 இலட்சத்துக்கு மேற்பட்ட மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. உள்ளூர் வேலையாளர் மட்டும் அதனைச் சமாளிக்க இயலாது. ஆகவே அந்நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் பல்லாயிரவர் திரண்டு வந்தனர். மேற்குக் கரையிலுள்ள கலிபோர்னியாவிலிருந்து மின்வேலை லொறிகளை விமானப்படையின் பெரும் விமானங்களிலே ஏற்றி நியூயோர்க் மாநிலத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

திறமையில் அவர்கள் எவருக்கும் குறைந்தவரல்லர். ஆனால் எந்த வீதி எங்கே போகின்றது, எந்த ஆளி எந்தக் கம்பியை ஆள்கின்றது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. இத்தகைய வேளைகளில் அயலூர்க் குழுக்களோடு உள்ளூரை அறிந்த வழிகாட்டிகளைக் கூட்டி அனுப்புவது அந்நாட்டு வழக்கம். எங்கள் ஊர் முதியவரின் வேலையையே அந்த வழிகாட்டிகள் செய்கின்றனர். ஆனால் குழுக்கள் நூற்றுக்கணக்கில் வந்து இறங்கும்போது அத்தனை வழிகாட்டிகளுக்கு எங்கே போவது? அயலவர் ஒருவரின் கைக்கருவியிலே அன்றே அவ்வூர்ப் படத்தை நிரப்பிக் கொடுக்க முடிந்தால், உள்ளூர் முதியவரின் அறிவிற் பெரும்பங்கு அவரோடு கூடப் போகும்.

2017ஆம் ஆண்டு செப்டெம்பர் 20ஆந் திகதி மரியா என்னும் புயல் புவர்ட்டோ ரிக்கோத் தீவைக் கடந்தது. இலங்கையின் ஏழில் ஒரு பங்களவே பரப்புள்ள அத்தீவில் ஏறக்குறைய 15 இலட்சம் மின் இணைப்புகள், அத்தனையும் இருண்டன. மலைப்பகுதிகளிலுள்ள சில இடங்களுக்கு மின்சாரம் திரும்பி வர 11 மாதங்கள் வரை சென்றன. புயலுக்கு மறுநாள் அங்கிருந்த கைத்தொலைபேசி நிலையங்களுள் 100க்கு 95 செயலிழந்திருந்தன. படம் கருவிக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று மேலே சொன்னதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மண்ணுக்குள் மறைந்தவை

கம்பத்திலுள்ள கம்பியை அண்ணாந்து பார்த்தாவது அறியலாம். நகரங்களில் மின்சாரம் நிலத்தின் கீழே கேபிள்களாக ஓடுகின்றது. அதே மண்ணுக்குள் நீர்க்குழாயும், தொலைபேசிக் கம்பியும், சில நாடுகளில் எரிவாயுக் குழாயும் பின்னிக் கிடக்கின்றன. ஒருவர் தம் குழாயைத் திருத்த மண்வெட்டியை ஓங்கும்போது மற்றவரின் கேபிளை வெட்டிவிடுகின்றார்.

2004ஆம் ஆண்டு யூலை 30ஆந் திகதி பெல்ஜிய நாட்டின் கிஸ்லங்கியன் என்னுமிடத்தில் நிலத்தடி எரிவாயுக் குழாயொன்று வெடித்து 24 பேர் மாண்டனர். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். முன்னர் நடந்த கட்டுமான வேலையில் இயந்திரம் பட்டு அக்குழாய் பழுதுற்றிருந்தது. அந்நாட்டின் வடபகுதியாகிய பிளாண்டர்சில், நிலத்தைத் தோண்ட விரும்புபவர் ஒரே இடத்தில் விண்ணப்பித்து, அங்கு புதைந்துள்ள எல்லாருடைய குழாய், கேபிள் படங்களையும் பெறும் முறை இன்று உண்டு. 2016ஆம் ஆண்டு முதல் அப்படங்கள் யாவும் தாளின்றிக் கணினி வடிவிலேயே வழங்கப்படுகின்றன.

பிரித்தானியாவிலே நிலத்தடியில் ஏறக்குறைய 40 இலட்சம் கிலோ மீற்றர் நீளமான குழாய்களும் கேபிள்களும் இருப்பதாக அந்நாட்டு அரசாங்கம் கூறுகின்றது. சராசரி 7 விநாடிக்கொரு குழி அங்கே தோண்டப்படுகின்றதாம். வருடத்தில் 60,000 தடவை கேபிளோ குழாயோ தவறுதலாகத் தாக்கப்படுவதாகவும், அதனால் உண்டாகும் நட்டம் 240 கோடி பவுண் என்றும் அதே அரசாங்கம் கணக்கிட்டிருக்கின்றது. முன்னர் குழி தோண்டுவோர் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியே எழுதி, வெவ்வேறு விதமாக வரைந்த படங்களைப் பெற்று, நாட்கணக்கிற் காத்திருக்க நேர்ந்தது. அவை யாவற்றையும் ஒரே படத்தில் இணைக்கும் தேசிய நிலத்தடிப் பதிவேட்டின் முதற்பகுதி 2023ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் வடகிழக்கு இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் லண்டனுக்கும் திறந்துவிடப்பட்டது. 2025ஆம் ஆண்டில் அதற்குச் சட்ட ஆதாரமும் கிடைத்தது.

ஆயினும் மண்ணுக்குள் இருப்பதைப் பற்றி ஓர் எச்சரிக்கை வேண்டும். கம்பத்தடியில் 5 மீற்றர் பிழை பொறுக்கத்தக்கது. கேபிளுக்கு மேலே நின்று தோண்டுபவனுக்கோ அரை மீற்றர் பிழையே ஆபத்து. ஆகவே படம் எவ்வளவு சிறந்ததாயினும், கேபிள் தேடும் கருவியால் நிலத்தைச் சோதித்து, முதலிற் கையாலேயே மெதுவாகத் தோண்டிப் பார்த்தல் அங்கே விதியாக இருக்கின்றது.

திரும்பி வரும் செய்தி

இதுவரை படம் கந்தோரிலிருந்து வீதிக்குப் போவதைப் பற்றியே பேசினோம். எங்கள் ஊர் நிகழ்ச்சியை மீண்டும் நினைத்துப் பாருங்கள். அந்த இளைஞரிடம் படம் இருக்கத்தான் செய்தது. குறை எங்கே? முதியவர் செய்த மாற்றம் படத்துக்குத் திரும்பி வரவில்லை. ஆகவே வீதியிலிருந்து கந்தோருக்கு வரும் செய்தியே இக்காரியத்தின் உயிர்நாடி.

இன்று கையிற் கருவி உள்ள வேலையாளர், படத்திலே இல்லாத ஆளியொன்றைக் கண்டால், அந்த இடத்திலேயே அதனைக் குறித்து, நிழற்படமும் எடுத்து அனுப்பிவிடலாம். கந்தோரிலுள்ள உத்தியோகத்தர் ஆராய்ந்து உறுதிப்படுத்திய பின்னர் அது எல்லோருடைய படத்திலும் ஏறும். இருவர் ஒரே கம்பத்தைப் பற்றி இரு விதமாக எழுதினால் எது சரியென்று தீர்ப்பதற்கும் அந்த நடுவர் வேண்டும். சிவப்பு மைத்தாள் வருடக்கணக்கிற் செய்த பயணம் இன்று ஒரு நாளிலே முடியக்கூடும்.

முடியக்கூடும் என்றுதான் சொல்ல வேண்டும். ஏனெனில் இதிலே கருவியைவிட மனிதர்களே பெரிது. பிழையைக் கண்டு சொன்னவரை, "வேலையைக் கூட்டுகின்றான்" என்று முகஞ்சுளித்து நோக்கினால், அடுத்த முறை அவர் சொல்ல மாட்டார். அவர் அனுப்பிய திருத்தம் மாதக்கணக்காகக் கந்தோரிலே கிடந்தால், இரண்டாந் திருத்தத்தை அவர் அனுப்பமாட்டார். பழையபடி சட்டைப்பைப் புத்தகத்திலேயே எழுதி வைப்பார். வீதியிலே நிற்பவரின் கண்ணுக்குக் கந்தோரிலே இருப்பவர் மதிப்புக் கொடுத்தால்தான் படம் உண்மையோடு சேர்ந்து வளரும்.

எவ்வளவு திருத்தமான படமானாலும் அது சோதனைக் கோலுக்கு ஈடாகாது. எந்த ஆளியை இழுக்க வேண்டும் என்பதைப் படம் சொல்லும். கம்பி உயிரற்றதுதானா என்பதைக் கோலே சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் கைவிடாதவரே மாலையில் வீடு திரும்புவார்.

நாம் செய்யக்கூடியவை

இவையெல்லாம் பொறியியலாளரின் காரியம், நமக்கென்ன என்று நேயர்கள் எண்ணிவிடலாகாது. மின்சாரம் நின்றதை அறிவிக்கும்போது, அருகிலுள்ள கம்பத்திலோ மின்மாற்றியிலோ எழுதியிருக்கும் இலக்கத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். "கோயிலுக்குப் பக்கத்தில்" என்பது ஊராருக்கு விளங்கும். படத்துக்கு விளங்குவது இலக்கமே. கம்பி அறுந்து விழுந்து கிடந்தால், அது செத்த கம்பியென்று எண்ணி அண்ட வேண்டாம். பிள்ளைகளையும் மாடுகளையும் விலக்கிவிட்டு உடனே அறிவியுங்கள். மாற்றாளி பூட்டாமல் வீட்டு இணைப்பிலே மின்பிறப்பாக்கியை மாட்ட வேண்டாம். உங்கள் வீட்டில் ஒரு மணி நேர வெளிச்சத்துக்காக இன்னொருவர் வீட்டு விளக்கு அணைந்துபோகலாகாது.

மாணவர்களுக்கு ஒரு சிறு வேலை. விடுமுறை நாளொன்றில் உங்கள் ஒழுங்கையின் படத்தை ஒரு தாளில் வரைந்து பாருங்கள். கம்பங்களை எண்ணுங்கள், மின்மாற்றி எங்கே இருக்கின்றது, எந்தக் கம்பி எந்த வீட்டுக்குப் போகின்றது என்று வீதியில் நின்று பார்த்தே குறியுங்கள். கம்பத்தைத் தொடவோ ஏறவோ வேண்டாம். ஒரு மாதம் கழித்து அதே தாளோடு மீண்டும் நடந்து பாருங்கள். ஏதேனும் ஒன்று மாறியிருக்கக்கூடும். உண்மையான வரைபடமென்பது ஒரு நாளில் வரைந்து முடிப்பதன்று, நாள்தோறும் பேணுவது என்பது அப்போது விளங்கும்.

எங்கள் ஊர் முதியவர் காலமாகிப் பல வருடங்கள் சென்றுவிட்டன. மாரிக்காற்று வீசும் இரவுகளில் அவர் குடையோடு ஓடிவந்த காட்சியே எனக்கு நினைவு வரும். அவர் தலைக்குள் இருந்த படத்தை அன்று வாங்கி எழுதி வைக்க எவருக்கும் தோன்றவில்லை. இன்று அதற்கு வழியுண்டு, கருவியுண்டு. கம்பத்தடியில் நிற்கும் இளைஞர் எந்தப் பிள்ளையாயினும், "தம்பி, ஏறாதை!" என்று உரிய வேளையிற் சொல்ல அவர் கையிலே ஒரு குரல் இருக்க வேண்டும்.